தொப்பி வாங்காத புல்டோசர்

"அக்கா இல்லீங்களா சார்?"

தபால்காரர் இப்படி மனைவியைத் தேடியதும் புல்டோசருக்குச் சுருக்கென்றது.

"பார்சல்ல யாரு பேரு போட்டிருக்கு?"

"உங்க பேருதான் சார்."

"அப்புறம் என்ன? என் பேருக்கு வந்ததை நான் வாங்கக் கூடாதா?"

"வாங்கலாம் சார், தாராளமா வாங்கலாம். எப்பவும் அக்காதான் வந்து பாப்பாங்க, அதான்..." தபால்காரர் பார்சலை முன்னும் பின்னும் திருப்பினார். உள்ளே எட்டிப் பார்த்தார். அக்கா வருகிற வழியாக இல்லை. "சரி, இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

புல்டோசர் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் தயங்கியிருக்க வேண்டிய மனிதர், அன்றைக்கும் தயங்கவில்லை.

பெட்டிக்குள் மெல்லிய காகிதம், அதற்குள் ஒரு தொப்பி. கருஞ்சிவப்பு வெல்வெட், உச்சியிலிருந்து தொங்கும் பொன்னிறக் குஞ்சலம். புல்டோசர் சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட சோபா அவரைத் தாங்கிக்கொண்டது என்பதே சரி.

ரக்பி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டை வடிவப் பந்தைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவனை எதிரணிக்காரர்கள் பாய்ந்து விழுத்தாட்டுவார்களே, அந்த ஆட்டம்தான். அணிக்குப் பதினைந்து பேர். நாட்டுக்காக முதல் தடவை களமிறங்குகிறவனுக்கு ஒரு தொப்பி தருவார்கள். வெயிலுக்கும் உதவாது, மழைக்கும் உதவாது. ஆனால் அதற்காகப் பல்லை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு, பல்லோடு நட்பை உடைத்துக்கொண்டவர்களும் உண்டு.

நம் புல்டோசர் அந்தக் காலத்தில் உள்ளூர் ஆட்டங்களில் பந்தோடு கிளம்பினால், எதிரணிக்காரர்கள் வழிவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பெயர் அப்படி வந்ததுதான். பதினேழு தடவை நாட்டு அணிக்குத் தேர்வானார். பதினேழு தடவையும் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார். இந்தச் சோகத்தை இருபத்தேழு வருஷமாக, கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

இதெல்லாம் வீண்போகவில்லை. அவர் வேலை பார்க்கும் டயர் கடையில், ஒரு சக்கரம் மாட்ட வந்தவர் இந்தக் கதையைக் கேட்டுக் கண் கலங்கி நாலு சக்கரத்தையும் மாற்றிக்கொண்டு போவார். முதலாளி கடை வாசலில் 'தொப்பி மறுக்கப்பட்ட புல்டோசர் பணிபுரியும் இடம்' என்று பலகையே வைத்துவிட்டார்.

இப்போது அதற்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல் ஒன்று வரப்போகிறது. ரக்பி கிளப் கமிட்டி ஆறு மாதம் உட்கார்ந்து, அபாரமாக ஆடியும் தொப்பி கிடைக்காத பதினைந்து பேரைப் பொறுக்கியிருந்தது. இதற்கு நடந்த போட்டி, அந்தக் காலத்தில் தொப்பிக்குக்கூட நடக்கவில்லை. எனக்கு நடந்ததுதான் பெரிய அநியாயம் என்று கட்டுக் கட்டாக மனுக்கள் குவிந்தன. ஒருவருக்குத் தேர்வான அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாம். கடவுள் செய்த அநியாயம் கணக்கில் சேராது, தேர்வுக்குழு செய்ததுதான் சேரும் என்று கமிட்டி அவரைத் தள்ளிவிட்டது. கடைசியில் பதினைந்து பேருக்கும் தலைவராகப் புல்டோசரைப் போட்டார்கள். மைதானத்தின் புது நுழைவாயிலுக்கு அவர் பெயர். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

இன்று செவ்வாய். கையில் தொப்பி.

கூடவே தேசிய சங்கத்தின் கடிதம். 'முன்பு அனுப்பிய கடிதங்களின் தொடர்ச்சியாக' என்று ஆரம்பித்தது. ஆபீஸ் கடிதம் எல்லாமே அப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அந்த வரியைத் தாண்டிப் போனார். பழைய ஆட்டக் குறிப்புகளைச் சரிபார்த்ததில், இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆட்டத்தில், ஆறாம் எண் வீரரின் புருவத்தில் தையல் போட்ட நேரத்தில், அவருக்குப் பதிலாகத் தாங்கள் ஒரு நிமிஷம் நாற்பது வினாடி களத்தில் இருந்தது தெரியவந்தது. விதிப்படி அதுவும் கணக்கில் சேரும். தாமதத்துக்கு வருந்துகிறோம்.

புல்டோசருக்கு முகம் வேர்த்தது.

அந்த ஒரு நிமிஷம் நாற்பது வினாடியை அவர் யாரிடமும் சொன்னதில்லை. களத்துக்குள் ஓடினார், பார்த்தால் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. குனிந்து கட்டினார். நிமிர்ந்தால், "வாடா வெளியே, அவன் வந்துட்டான்" என்று மேனேஜர் கத்துகிறார். அன்றைக்கு மேனேஜரே, "இதெல்லாம் கணக்குல வராதுடா" என்று சொல்லிவிட்டார். சொன்னதும் புல்டோசருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நாட்டுக்காக லேஸ் கட்டினேன் என்று எவனிடம் போய்ச் சொல்வது?

இப்போது கணக்கில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வெளியே தெரிந்தால் வாயிலும் போச்சு, தலைவர் பதவியும் போச்சு. அந்த இடத்துக்கு, பட்டியலில் பதினாறாவதாக நின்றுபோன, முயல் என்று பட்டப்பெயர் வாங்கிய ஆட்டக்காரன் குதித்து வந்து உட்காருவான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மனைவி தன் அக்கா வீட்டிலிருந்து திரும்பிவிட்டாள். பெட்டியும் கடிதமும் சோபாவுக்கு அடியில் போயின. தொப்பியோடு இங்குமங்கும் ஓடியவர், கண்ணில் பட்ட வாஷிங் மெஷினுக்குள் அதைத் திணித்து மூடினார்.

"அக்கா பாவங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தாள் மனைவி. அவள் அக்காவுக்கு வாய்த்தவர், அதாவது புல்டோசரின் சகலை, நிஜமாகவே தொப்பி வாங்கியவர். "கண்ணாடிப் பெட்டியில வச்சும் அந்தத் தொப்பியில பூச்சி வந்துடுமாம். வருஷக்கணக்கா ஜன்னலே திறக்கறதில்ல. இன்னிக்குத் தண்ணி மோட்டார் ஓடுது, தொட்டி வழியுது, மனுஷன் நகரணுமே! 'நாட்டுக்காக ஓடினவன் நான், மோட்டாருக்காக ஓடணுமா'ன்னு கேக்கறாராம்."

"ஐயோ பாவம்," என்றார் புல்டோசர், மெஷினைப் பார்த்தபடி.

"சரி, பாத்திரம் கிடக்கு. அநியாயத்தோட வலி உங்களுக்குத் தெரியாததில்ல. நான் ஒருத்தியே தேய்ச்சா அது நியாயமா?"

இதுதான் அவள் இருபத்தைந்து வருஷமாகப் போடும் கொக்கி. அநியாயத்தை எதிர்த்தே வாழ்கிற மனுஷன் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? புல்டோசர் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தார். துணி மடிப்பதும் வீடு துடைப்பதும் இதே வழியில்தான் அவர் தலையில் விடிந்திருந்தன.

நாலு பாத்திரம் தேய்ப்பதற்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. கை நுரையோடு ஓடி வந்தார்.

"என்ன போட்டே?"

"விழாவுக்கு வந்த பனியன்தான். புதுத்துணி மொடமொடன்னு இருந்துச்சு. பதினஞ்சையும் போட்டுட்டேன்."

பதினைந்தும் வெள்ளை. போட்டபோது வெள்ளை. வெளியே வந்தபோது பதினைந்தும் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தன. அவள் பக்கெட் எடுக்கத் திரும்பிய நொடியில், சொட்டச் சொட்ட இருந்த தொப்பியை உருவிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார் புல்டோசர்.

"சாயம் எங்கேருந்து வந்துச்சு?"

"என் சிவப்பு சாக்ஸ் கிடந்திருக்கும்."

"உங்ககிட்ட சிவப்பு சாக்ஸே கிடையாதே."

"இப்போ கிடையாது. அதான் கரைஞ்சு போச்சே!"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். சட்டையின் வயிற்றுப் பக்கம் சிவப்பாகப் பரவிக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். மெஷினுக்குள் கையை விட்டுத் துழாவி, ஒற்றைப் பொன்னிற நூலை எடுத்தாள். அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "பனியனை உலர்த்துங்க" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம்டா சாமி என்று நினைத்துக்கொண்டார் புல்டோசர்.

பனியன் விஷயமாகக் கிளப் செயலாளர் போனிலேயே பதறினார்.

"என்னப்பா இது, எல்லாம் ரோஸ் ஆயிடுச்சாமே?"

"வேணும்னுதான் செஞ்சேன்," என்றார் புல்டோசர். வாய் அது பாட்டுக்குப் பேசியது. "நம்மளை ஒதுக்கின தேர்வுக்குழுவோட முகம் வெக்கத்துல சிவக்கணும். அந்த நிறம் சார் அது."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். "உன்னைத் தலைவரா போட்டது வீண்போகலப்பா," என்றார் செயலாளர்.

புதன்கிழமை தொப்பியைப் பையில் வைத்துக் கடைக்கு எடுத்துப் போனார். வீட்டில் வைத்தால் ஆபத்து, வெளியே போடலாம் என்றால் மனசு வரவில்லை. கடையின் பின்கட்டில் டயர்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். கடைசி வரிசையில், ஆறு மாதமாக யாரும் தொடாத ஒரு பெரிய டயரின் உள்விளிம்பில் தொப்பியை ஆழமாகச் செருகிவிட்டு வந்தார். இனி ஞாயிற்றுக்கிழமை வரை கவலையில்லை.

ஆறு மாதம் தொடாத டயரை முதலாளி அன்றைக்கு மத்தியானமே தொட்டார். புல்டோசர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கிளப் செயலாளர் வண்டியோடு வந்தார். விழாவுக்குத் தேசிய சங்கத் தலைவரை அந்த வண்டியில்தான் அழைத்துவர வேண்டும், பழைய டயரில் அழைத்துவந்தால் நன்றாக இருக்குமா? "உங்களுக்குன்னு தனியா வச்சிருக்கேன் சார்," என்று முதலாளி அந்தக் கடைசி வரிசையைக் காலி செய்தார். மாட்டிய மெக்கானிக் சாப்பாட்டு அவசரத்தில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி திரும்பி வந்தது. கூடவே முயலும் இறங்கினான். பட்டியலில் யாராவது ஒருவர் கழன்றால் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று, அவன் ஆறு மாதமாகச் செயலாளரின் வண்டியை விட்டு இறங்குவதே இல்லை.

"என்னய்யா டயர் கொடுத்திருக்கீங்க? மெதுவாப் போனா 'தொப்பு தொப்பு'ங்குது, வேகமாப் போனா 'தொபதொப'ங்குது!" என்று செயலாளர் கத்தினார்.

புல்டோசர் பின்கட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். கடைசி வரிசை காலி.

"ரோடு சரியில்ல சார்!" என்றார் அவசரமாக.

"ரோட்டைப் போன மாசம்தான் போட்டாங்க."

"அதான் சார், ரோடும் புதுசு, டயரும் புதுசு. பழகணும்."

"கழட்டிப் பாத்துடலாம்," என்றான் முயல்.

"எதுக்குக் கழட்டணும்? நல்லா ஓடற வண்டி!"

"ஏண்ணே இவ்வளவு பதர்றீங்க?"

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். டயரைப் பிரித்தார். உள்ளிருந்து, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தொப்பியைத் தூக்கினார். குஞ்சலம் பாதி உதிர்ந்திருந்தது. ஆனாலும் தொப்பி தொப்பிதான். செயலாளர், முயல், புல்டோசர் மூன்று பேரும் ரக்பிக்காரர்கள். என்னவென்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது யாருது?" என்றார் செயலாளர்.

புல்டோசர் தப்பி ஓட நாலு பக்கமும் பார்த்தார். நாலு பக்கமும் டயர். அந்த நேரத்தில்தான் அவருக்குள் இருந்த அந்தப் பழைய ஆட்டக்காரன் விழித்தான். வழியில்லை என்றால் தலையைக் குனிந்துகொண்டு முட்டு!

"என்னுதுதான்," என்றார். "அனுப்பியிருக்கானுங்க. இருபத்தேழு வருஷம் கழிச்சு! எனக்கு எதுக்கு சார் இது? இது இருக்க வேண்டிய இடம் தலை இல்ல, டயர்! அதான் டயருக்குள்ள விட்டெறிஞ்சேன்!"

செயலாளரின் கண்கள் நிறைந்தன. கிரீஸ் கையென்றும் பாராமல் கட்டிப்பிடித்துக்கொண்டார். "டேய், நீ மனுஷனே இல்லடா. வாசல் மட்டும் பத்தாது, சிலையே வைக்கணும்!"

"ஒரு நிமிஷம் சார்," என்றான் முயல். "தொப்பி வந்துடுச்சுன்னா அண்ணன் களத்துல இறங்கியிருக்காருன்னுதானே அர்த்தம்? பெஞ்சை விட்டு எழுந்திரிக்கவே விடலன்னு இத்தனை வருஷமாச் சொன்னாரே?"

"அது... ஒரு நிமிஷம்தான்டா."

"நான் ஒரு வினாடிகூட இறங்கல!" முயலின் குரல் உடைந்தது. "பதினொரு தடவை தேர்வாகி ஒரு வினாடிகூட இறங்கல. அது மட்டுமில்ல, பார்சல்ல வந்ததை இவரு கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கியிருப்பாரு. வாங்கினவரு எப்படி வாங்காதவரு ஆவாரு? கமிட்டியைக் கூட்டுங்க."

கமிட்டி டயர்களின் மேலேயே உட்கார்ந்து கூடியது. அரைமணி நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. களத்தில் இறங்கியது பெரிதல்ல, தொப்பியை ஏற்றுக்கொண்டாரா என்பதே பெரிது. நாளைக் காலை கமிட்டி முன்னிலையில் புல்டோசர் தொப்பியைத் தபால்காரர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'வாங்க மறுத்துவிட்டார்' என்று தபால்காரர் பார்சல்மேல் எழுதித் தர வேண்டும். எழுதிவிட்டால் வாயில் புல்டோசருக்கு. தபால்காரர் மாட்டேன் என்றால் முயலுக்கு.

அன்று சாயங்காலம் புல்டோசர் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தொப்பியைப் போட்டுப் பார்த்தார். தண்ணீரில் சுருங்கியிருந்தது. அவ்வளவு பெரிய தலையில், அண்டாவுக்கு டம்ளர் மூடி போட்டதுபோல் உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்கு அழுகை வந்துவிட்டது.

வேண்டும்போல் இருந்தது. இதுதான் உண்மை. வாயில் வேண்டாம், சிலை வேண்டாம், டயர் கடைப் பலகை வேண்டாம், இந்தச் சுருங்கிப்போன தொப்பி வேண்டும். அன்றைக்கு லேஸைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது சுற்றிலும் இருபதாயிரம் பேர் கத்தினார்கள். அவருக்காகக் கத்தவில்லைதான். ஆனாலும் நடுவில் நின்றது அவர். அதை இருபத்தேழு வருஷமாக யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்தார்.

கதவைத் திறந்துகொண்டு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். லேஸ் உட்பட.

"வச்சுக்கலாம்னு தோணுதும்மா," என்றார் கடைசியில். "அலமாரியில ஒரு மூலையில. கண்ணாடிப் பெட்டிகூட வேண்டாம்."

கண்ணாடிப் பெட்டி என்ற சொல்லைக் கேட்டதும் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன பேசறீங்க? இருபத்தேழு வருஷக் கொள்கை என்ன ஆவுது? ஊரே உங்களை நம்பி வாசல் கட்டியிருக்கு. தூக்கி அவனுங்க மூஞ்சியில எறிங்க!"

"உனக்கு என்மேல இவ்வளவு நம்பிக்கையா?"

"பின்ன? காலைல எட்டு மணிக்கு அந்தத் தபால்காரத் தம்பி வந்துடும். பழைய பெட்டியிலயே வச்சு ரெடியா இருங்க. அதுக்கு முன்னாடி வீட்டைத் துடைச்சிடுங்க, நாலு பேர் வர்றாங்க."

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்து நினைத்து உருகியபடி புல்டோசர் வீட்டைத் துடைத்தார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் கூட்டம். செயலாளர், கமிட்டி, முதலாளி, ரோஜா நிறப் பனியனில் பட்டியல்காரர்கள், ஓரமாக நகத்தைக் கடித்தபடி முயல். மனைவி வேலைக்குப் போகிற சேலையோடு கதவருகில் நின்றாள். தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, கூட்டத்தைப் பார்த்து மிரண்டார்.

புல்டோசர் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தார். கடைசியாக ஒருமுறை மூடியைத் தடவினார். தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே! எனக்குக் கோபம் தொப்பி தரலைன்னு இல்ல. மறந்துட்டாங்களேன்னுதான். இருபத்தேழு வருஷம்! ஒரு கடுதாசி உண்டா? ஒரு விசாரிப்பு உண்டா? ஒருத்தனாவது என்னை நினைச்சுப் பாத்து ஒரு தொப்பியை அனுப்பியிருந்தா, ஓடிப்போய் வாங்கிக் கண்ணுல ஒத்தியிருப்பேனே! இன்னிக்கு எதுக்கு? வேண்டாம். எடுத்துட்டுப் போங்க!"

கைதட்டல் தெருமுனை வரை கேட்டது. செயலாளர் தாராளமாக அழுதார். புல்டோசரும் அழுதார். அவர் அழுத காரணம் வேறு, அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"அழுதா ஆச்சா?" என்று முயல் குறுக்கே பாய்ந்தான். "கையெழுத்துப் போட்டு வாங்கின பார்சல் இது. இதுல மறுத்துட்டாருன்னு எப்படி எழுதுவாரு? அண்ணே, நீங்க சொல்லுங்க, இப்படி எழுத முடியுமா?"

எல்லோரும் தபால்காரரைப் பார்த்தார்கள். அவர் பெட்டியை வாங்கினார். மேலே இருந்த தேசிய சங்கத்தின் முகவரியைப் படித்தார். முகம் தெளிந்தது. காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு, புல்டோசரைத் தாண்டி, கதவருகில் நின்றவளைப் பார்த்துக் கேட்டார்:

"போன மூணு தடவையும் எழுதின மாதிரியே 'வாங்க மறுத்துவிட்டார்'னு எழுதிடறேன். கையெழுத்தை வழக்கம்போல சாருக்காக நீங்களே போட்டுடறீங்களா அக்கா?"